கரியைப் போட்டுக் கரி எடுத்த ஆலை

பல்கேரியாவில் எங்கள் பிராஸ்கோவோ சமவெளி ஊர், பெயருக்குக்கூட ஒரு குன்று கிடையாது என்று பள்ளிக்கூடப் பூகோளப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. புத்தகம் பழையது. ஊரின் கிழக்குக் கடைசியில், நெத்யால்கோ சக்காரோவ் வீட்டுப் பின்சுவரை ஒட்டினாற்போல எங்களுக்கென்று ஒரு மலை இருக்கிறது. யாருடைய உதவியும் இல்லாமல், கழிப்பறைச் சங்கிலியை இழுத்து இழுத்தே அதை உண்டாக்கினோம்.

சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணித்தான் ஆற்றில் விட வேண்டும் என்று ஐரோப்பா சொன்னது. சரியென்று பண்ணினோம். தண்ணீர் துந்ஜா ஆற்றுக்குப் போனது. அடியில் தங்குகிற கசடு எங்கே போக வேண்டும் என்பதையும் ஐரோப்பா சொல்லியிருக்கும்; எங்கள் நகராட்சிக்கு அந்தப் பாதி காதில் விழவில்லை. மூடிப்போன ரயில் பாதைக்குப் பக்கத்தில் புறம்போக்கு நிலம் சும்மா கிடந்தது. தற்காலிகமாக என்று சொல்லிக் கொட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் தற்காலிகமாகச் செய்ததைப் போல நிலைத்து நிற்பது வேறொன்றும் இல்லை.

நெத்யால்கோ டிராக்டர் தொழிற்சாலையில் வர்ணம் அடித்து ஓய்வு பெற்றவர். எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷர். அரசாங்கத்திடம் அவர் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த மலையை எடுக்க வேண்டும். காரணம் அவர் மனைவி தெமெனுகா. சீருடை தைக்கிற ஆலையில் பஞ்சுத் தூசியிலேயே இருந்து நெஞ்சு கெட்டுப்போனவள். கோடையில் மலை கொதித்து வாடை கிளம்பினால் அவளுக்கு மூச்சு ஏறும், இறங்காது. டாக்டர் மூச்சில் இழுக்கிற குழாய் மருந்து இரண்டு எழுதிக் கொடுத்துவிட்டு, மருந்தை நான் எழுதித் தரேன், காத்தை யாரு எழுதித் தருவா, அந்த வீட்டில் இருந்தால் இன்னொரு கோடை தாங்காது என்று சொல்லிவிட்டார். அதனால் அவள் பர்காஸ் நகரத்தில் தங்கை வீட்டுக்குப் போனாள். ஆறாவது மாடி. சமையலறையில் ஒரு சோபா. அதில்தான் படுக்கை.

பஸ் ஏறும்போது சொன்னாள்: "நான் ஒண்ணும் கோவிச்சுக்கிட்டுப் போகல மனுஷா. அது என்னிக்குப் போகுதோ, மறுநாளே வந்து நிப்பேன். அதுக்குள்ள கோழிங்களைப் பட்டினி போட்டுக் கொன்னுடாதே."

அன்றிலிருந்து நெத்யால்கோ தினம் சாயங்காலம் போனில் அவளிடம் பேசுவார். கோழிகள் சௌக்கியம் என்பார். மலை இருக்கா என்பாள். இருக்கு என்பார். அவ்வளவுதான் பேச்சு.

இப்படி இருக்கையில், கசடைக் கரியாக்கும் ஆலை எங்கள் ஊருக்கு வந்தது. வாசகசாலை மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். புது ஆலையின் டைரக்டர் இன்ஜினியர் பந்தலேயெவ் படம் போட்டு விளக்கினார். பந்தலேயெவ் அனுபவசாலி. அதற்கு முன் எங்கள் நகராட்சி நீச்சல் குளத்துக்கு டைரக்டராக இருந்தார். அதில் தண்ணீர் விட்டதே இல்லை என்பதால் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. காற்றே புகாத உலையில் கசடைப் போட்டுக் கடுமையாகச் சூடேற்ற வேண்டும், எரியாது, காற்று இல்லாததால் கரியாக இறுகும், நாற்றம் போகும், கிருமி சாகும், அந்தக் கரியை நிலத்தில் போட்டால் மண் வளம் பெறும் என்றார். இதெல்லாம் உண்மை. மற்ற நாடுகளில் செய்கிறார்கள், கரி வருகிறது, பயிரும் வளர்கிறது. தொழிலில் ஒரு குறையும் கிடையாது. அது எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்ததுதான் அது செய்த தப்பு.

மேயர் க்யூரோவா அம்மாள் எழுந்து பேசினார்கள்.

"ஏன் பிராஸ்கோவோ என்று கேட்கிறார்கள். நான் பெருமையோடு சொல்கிறேன். கசடு எல்லா ஊரிலும் உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் பொறுப்பில்லாமல் அதை அவ்வப்போது அப்புறப்படுத்திவிட்டார்கள். இத்தனை ஆண்டுகளாக ஒரு வண்டிகூட வெளியே போகாமல் காத்து வைத்திருந்தது இந்த நகராட்சி ஒன்றுதான்!"

கைதட்டல் அடங்கியதும் நெத்யால்கோ எழுந்தார். தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு, தன் வீட்டுக்குப் பின்னால் இருப்பது எப்போது போகும் என்று கேட்டார்.

பந்தலேயெவ் சிரித்தார். "அண்ணே, நீங்க இன்னும் அதைக் கசடாவே பாக்கறீங்க. அங்கதான் சிக்கல். அது மூலப்பொருள்."

மறுபடி கைதட்டினார்கள். நெத்யால்கோவும் தட்டினார். பக்கத்தில் எல்லாரும் தட்டும்போது சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. சாயங்காலம் போனில் சொன்னபோது தெமெனுகா சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு இருமலானது, தங்கை போனைப் பிடுங்கி அவரைத் திட்டிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆலை எழும்பியது. திறப்பு விழாவுக்குத் தலைநகர் சோபியாவிலிருந்து துணை மந்திரி வந்தார். ரொட்டியும் உப்பும் நீட்டி வரவேற்றார்கள், பள்ளிக்கூடப் பெண்கள் பாவாடை சுழல ஆடினார்கள். பாதிரியார் எவ்லோகி துளசிக் கொத்தைப் புனித நீரில் முக்கி உலை மேல் தெளித்தார், மந்திரி மேல் தெளித்தார், தாராளமான மனுஷர், திரும்பி மலை மேலும் நாலு தரம் வீசினார். பந்தலேயெவ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஃபாதர் போதும், ஏற்கெனவே ஈரம் ஜாஸ்தி என்று காதில் சொன்னார். ஆலையின் உண்மையான கோளாறு பொது இடத்தில் வெளிவந்தது அந்த ஒரு தடவைதான். அதை யாரும் கவனிக்கவில்லை.

நெத்யால்கோ வேறொன்றைக் கவனித்தார். அன்று காலை அவர் கோழிக்கூட்டருகே நின்றிருந்தபோது, டைரக்டரின் டிரைவர் காரிலிருந்து மூட்டைகளை இறக்கி உலையின் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனான். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் இறைச்சி சுடுவதற்குக் கடையில் விற்பார்களே, அந்த அடுப்புக்கரி மூட்டை. ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி இறைச்சி சுடுகிற படம் மேலே அச்சடித்திருந்தது.

மந்திரி பொத்தானை அமுக்கினார். உலை உறுமியது. ஒரு பக்கம் கரி போனது, மறுபக்கம் கரி வந்தது. விஞ்ஞானத்தில் இதைவிடச் சுத்தமான வெற்றி இருக்க முடியாது. கண்ணாடி ஜாடிகளில் போட்டுத் தேசியக் கொடியின் மூவர்ண நாடா கட்டி விருந்தாளிகளுக்குக் கொடுத்தார்கள். மந்திரி ஜாடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு வியந்துபோனார். நாத்தமே இல்லையே என்றார். அதுதான் சார் தொழில்நுட்பம் என்றார் பந்தலேயெவ். ஒரு ஜாடி ஆய்வகத்துக்குப் போனது. ஈயம் இல்லை, காட்மியம் இல்லை, சாக்கடையிலிருந்து இவ்வளவு தூய்மையான கரியைத் தாங்கள் கண்டதே இல்லை என்று எழுதி அனுப்பினார்கள். அவர்கள் எழுதியதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

விழா முடிந்து வாரங்கள் ஓடின. மலை இருந்த இடத்திலேயே இருந்தது. ஊர் தன் கடமையைத் தவறாமல் செய்துகொண்டிருந்ததால் கொஞ்சம் உயரமும் ஆனது. நெத்யால்கோ ஆலைக்குப் போனார். பந்தலேயெவ் நல்ல மனுஷர், காபி கொடுத்து உட்காரவைத்து விளக்கினார். கசடில் முக்கால்வாசி தண்ணீர். அதை முதலில் உலர்த்த வேண்டும். உலர்த்துகிற இயந்திரம் இல்லை.

"உலை புதுமை நிதியில வந்துச்சு அண்ணே. உலர்த்தி தண்ணீர் நிதியில வரணும். அவங்க என்ன கேக்கறாங்கன்னா, உலை ஓடுதா, ஓடினா உலர்த்தி தரோம்ங்கறாங்க. உலர்த்தி இருந்தாத்தானே உலை ஓடும்?"

"அப்ப உள்ள என்னமோ உறுமிக்கிட்டே இருக்கே?" என்றார் நெத்யால்கோ.

அது வெறும் உலை, காலியாக எரிகிறது என்று பந்தலேயெவ் சொன்னார். அணைத்தால் உள்பூச்சு விரிசல் விட்டுவிடும், விரிசல் விட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று கம்பெனிக்காரன் சொல்லியிருக்கிறானாம். அதனால் ராப்பகலாக எரிவாயு எரித்து, ஒன்றுமே இல்லாததைச் சூடாக வைத்திருந்தார்கள். நெத்யால்கோ வீட்டுக்குப் போய்க் கோழிகளுக்குத் தீனி போட்டார். அந்த ஒரு வேலைதான் அவருக்குப் புரிந்தது.

செப்டம்பர் வந்தது. செப்டம்பரில் பல்கேரியாவில் யாருக்கும் வேறு எதிலும் புத்தி போகாது. சிவப்புக் குடமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, ஜாடி ஜாடியாகக் குளிர்காலத்துக்கு அடைத்தாக வேண்டும். ஆலையைப் பார்க்க வந்த டைரக்டரின் மாமியார் உலையின் முன்பக்கத் தகட்டைப் பார்த்தாள். சிவக்கச் சிவக்கச் சூடாக இருந்தது. சும்மாதானே எரியுது என்று கேட்டாள். மறுநாள் இரண்டு சாக்கு மிளகாயோடு வந்து இறங்கினாள். அதற்கு மறுநாள் மேயரின் நாத்தனார். ஒரு வாரத்தில் ஆலை வாசலில் வரிசை நின்றது, வரிசையில் சண்டை வந்தது, ஒருத்தி இன்னொருத்தியின் மிளகாயைக் கொட்டினாள். நகராட்சி தலையிட்டு முறை வகுத்தது. முதலில் நகரசபை உறுப்பினர்கள், பிறகு துறைத் தலைவர்கள், பிறகு ஆசிரியர்கள், கடைசியில் ஓய்வூதியக்காரர்கள். நிலுவையில் புகார் உள்ளவர்களுக்கு இடமில்லை. ஊரில் நிலுவையில் புகார் இருந்தது ஒரே ஒருவருக்குத்தான்.

நெத்யால்கோ எழுதிப்போட்டிருந்த அந்தப் புகாரின் பேரில்தான் சோபியாவிலிருந்து மணம் அளக்கும் ஆணையம் வந்தது. மூன்று பேர், ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு கருவி. வந்து சேர்ந்தது நகரசபை உறுப்பினர்களின் முறை நாளில். நெத்யால்கோ வீட்டு முற்றத்தில் கருவியை நிறுத்தினார்கள். காற்று ஆலைப் பக்கத்திலிருந்து வந்தது. சுட்ட மிளகாய் மணம் ஊரையே தூக்கியது. பின்னாலேயே பந்தலேயெவ் தட்டோடு வந்தார்: தோலுரித்த மிளகாய், பூண்டு, வெள்ளைப் பாலாடைக்கட்டி, சுடச்சுட ரொட்டி, குளிர்ந்த ராக்கியாப் பழச்சாராயம். ஆணையத்தின் தலைவி கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

"உங்களுக்கு என்னங்க குறை? சோபியாவுல நாங்க இந்த வாசனைக்குத்தான் ஏங்கிப்போய்க் கிடக்கோம்."

"நாளைக்கு வாங்கம்மா," என்று நெத்யால்கோ கெஞ்சினார். "நாளைக்கு மிளகாய் கிடையாது. நாளைக்கு மோந்து பாருங்க."

இன்றைக்கு மட்டும்தான் பயண அனுமதி என்று அவள் வருத்தத்தோடு சொன்னாள். வாடை கண்டறியப்படவில்லை, ஆலையிலிருந்து வருவது இனிய மணம், பசியைத் தூண்டக்கூடியது என்று அறிக்கையில் எழுதினார்கள். அந்த வரியை நகராட்சி பெரிதாக எழுதி ஆலை முகப்பில் மாட்டியது.

ஆனால் போகிற போக்கில் ஆணையம் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டுப் போனது. மூலப்பொருள் இருப்பு குடியிருப்பு வீட்டுக்கு இவ்வளவு அருகில் இருக்கக் கூடாது; உடனே சரிசெய்ய வேண்டும். நெத்யால்கோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. போனில் சொன்னார். தெமெனுகா பையை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள். எடுத்து வை என்றார் நெத்யால்கோ. அன்றைக்குக் கோழிகளிடம்கூட நாலு வார்த்தை அன்பாகப் பேசினார்.

இரண்டு நாள் கழித்து மேயரே வீட்டுக்கு வந்தார்கள், கையில் ஒரு பெட்டி இனிப்போடு. நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கைக் கைக்குட்டையால் லேசாகப் பொத்திக்கொண்டு பேசினார்கள்.

"அண்ணே, விதிப்படி ரெண்டுல ஒண்ணை மாத்தணும். ஒண்ணு மலை, இல்லைன்னா வீடு. மலையை நகர்த்த நிதி இல்ல."

நெத்யால்கோவுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் கையால் கட்டிய வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பயப்படாதீங்க, ஒரு செங்கல்லைக்கூட அசைக்க மாட்டோம். இதுக்குக் குடியிருப்பு வீடுன்னு இருக்கற பேரைக் காவல் அறைன்னு மாத்தறோம். காவல் அறை பக்கத்துல இருக்கலாம். இருந்தே ஆகணும்னுகூட விதி இருக்கு. நீங்க காவலாளி. சம்பளம்னு தர முடியாது, ஆனா காவலாளிங்கற முறையில இங்கேயே தங்கிக்கலாம்."

"நான் ஒத்துக்கலைன்னா?"

"அப்ப இது குடியிருப்பு. குடியிருப்பை இடிச்சாகணும்," என்று மேயர் நிஜமான இரக்கத்தோடு சொன்னார்கள். "உங்களுக்குக் குறையே வரக் கூடாதுன்னுதானே அண்ணே நான் நேர்ல வந்தேன்."

இப்படியாக, அந்த மலை ஒழிய வேண்டும் என்று கிடையாய்க் கிடந்தவர் அதற்கே காவலாளி ஆனார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டை கொடுத்தார்கள். மலையைச் சுற்றி வேலி போட்டு, இரும்புக் கேட் வைத்து, சாவியை அவர் கையில் கொடுத்து, காவலாளி விதிகளை அவர் சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். சாயங்காலம் போனில் இதைச் சொல்லித்தான் தீர வேண்டும், சொன்னார்.

"ஊர்ல திருடன் எவனாவது அதைத் தூக்கிட்டுப் போயிடுவானோன்னு பயமா?" என்றாள் தெமெனுகா. பிறகு, எடுத்து வைத்த பையிலிருந்து துணிகளைத் திரும்ப எடுத்து வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டு போனை வைத்தாள். நெத்யால்கோ இனிப்புப் பெட்டியைத் திறக்காமலே கோழிகளுக்குப் போட்டார்.

குளிர்காலம் போனது. வசந்தத்தில் மேயரும் பந்தலேயெவும் பிராஸ்கோவோ மாதிரியைப் பற்றி உரையாற்ற வியன்னாவுக்குப் போனார்கள். எந்தக் கசடையும் தொடாமல் கரி எடுத்த ஆலை உலகத்தில் வேறு இல்லையாதலால் கூப்பிட்டது நியாயம்தான். அவர்கள் கிளம்பிய அன்று, பக்கத்துக் கிராமத்தில் சூரியகாந்தி போடுகிற வெல்ச்சோ டிராக்டரில் வந்து கேட்டில் நின்றான். முரட்டு ஆள். மலையை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணே, இது யாருக்காவது வேணுமா? உரம் விக்கற விலையில என் நிலம் எலும்பும் தோலுமாக் கிடக்கு. நான் அள்ளிக்கட்டுமா?"

நெத்யால்கோ நகராட்சிக்கு போன் போட்டார். எடுத்தவள், மேயர் வந்துதான் சொல்ல முடியும், அதுவரை நீங்க விதிப்படி நடந்துக்குங்க என்றாள். நெத்யால்கோ சமையலறைக்குப் போய், கண்ணாடி போட்டுக்கொண்டு, சுவரில் இருந்த விதிகளை முதல் முறையாகப் படித்தார். உள்ளே யாரும் எதையும் கொண்டுவரக் கூடாது. புகைபிடிக்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எங்கும் இல்லை. எழுதினவனுக்கு அப்படி ஒரு ஆள் பிறந்திருப்பான் என்று தோன்றவே இல்லை. நெத்யால்கோ இரண்டு தரம் படித்துவிட்டு வந்து கேட்டைத் திறந்தார்.

வெல்ச்சோ தன் அண்ணன் தம்பிகளையும், மண் அள்ளும் இயந்திரம் வைத்திருந்த மச்சானையும் கூட்டி வந்தான். நாள் முழுக்க அள்ளினார்கள், மறுநாளும் அள்ளினார்கள். நெத்யால்கோ அவர்களுக்குச் சூப் வைத்தார், கோழி அடித்தார், தன் ராக்கியா முழுவதையும் ஊற்றினார். அந்த வார முடிவில் மலை தரையோடு தரையாகிவிட்டது. அடியில், மண்ணில் புதைந்து, தற்காலிகச் சேமிப்பு என்று எழுதிய பழைய பலகை ஒன்று கிடைத்தது. அதையும் டிராக்டரில் எறிந்தார்கள். கடைசியில் நெத்யால்கோ துடைப்பம் எடுத்து வெறும் மண்ணைப் பெருக்கினார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் பகல் பஸ்ஸில் தெமெனுகா வந்து இறங்கினாள். பேச்சுத் தவறவில்லை. வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் வானம் இருந்தது. அதை அவள் பார்த்துப் பல வருஷமாகிறது. மூச்சை இழுத்துப் பார்த்தாள், விட்டாள், இன்னொரு தரம் இழுத்தாள். கோழிகளை எண்ணிப் பார்த்து, குறைகிறதே என்று கேட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நாத்தம் இல்லாத இடத்துல பார்த்தா உன் மூஞ்சிகூடக் கொஞ்சம் சுமாராத்தான் இருக்கு," என்றாள்.

நெத்யால்கோவுக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கப் போகிறேன் என்று சொல்லி உள்ளே போய் அழுதார். அன்று திராட்சைக் கொடிப் பந்தலின் கீழே மேஜை போட்டு, இருட்டும் வரை இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் ஒரு தரம்கூட இருமவில்லை.

மேயரும் டைரக்டரும் வியன்னாவிலிருந்து பளிங்கில் செய்த ஒரு விருதோடு திரும்பினார்கள். பந்தலேயெவ் நேராக ஆலைக்கு வந்தார், வேலியைப் பார்த்தார், வேலிக்குள் பார்த்தார். விருது கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"எங்கண்ணே அது?"

"போயிடுச்சு," என்றார் நெத்யால்கோ.

"போயிடுச்சுன்னா? எங்க போயிடுச்சு?"

வெல்ச்சோ நிலத்துக்கு என்று சொன்னார். பந்தலேயெவ் அப்படியே வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வாசகசாலை மண்டபத்தில் அவசரக் கூட்டம். நெத்யால்கோவை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள், ஆரஞ்சு மேல்சட்டையோடு. மேயர் கறுப்பு உடையில் வந்திருந்தார்கள். குரல் தழுதழுத்தது.

"நம் முன்னோர் சேர்த்து வைத்த சொத்து களவு போயிருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று வேலி போட்டோம், பூட்டுப் போட்டோம், காவலாளியைப் போட்டோம். அண்டை ஊர்க்காரன் வந்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறான். நாளை நம் பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?"

பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப்பேர் அந்த மலைப் பக்கம் நடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினவர்கள். நெத்யால்கோவுக்கு அவர் வாழ்நாளில் வராத கோபம் வந்தது. எழுந்து நின்றார்.

"அது திருட்டுன்னா என் மேல கேஸ் போடுங்க. ஜெயில்ல போடுங்க. அது போனா உங்களுக்கு என்ன நஷ்டம்? ஒரு கிலோ கசடு அந்த உலைக்குள்ள போயிருக்கா இதுவரைக்கும்?"

"போயிருந்தா இருப்பு குறைஞ்சிருக்குமே அண்ணே!" என்றார் பந்தலேயெவ், இதுகூடப் புரியவில்லையா என்பது போல. அப்புறம் பொறுமையாக விளக்கினார். நிதி வாங்கினவன் ஐந்து வருஷம் ஆலையை வைத்திருக்க வேண்டும். ஆலை என்றால் மூலப்பொருள் இருப்பு இருக்க வேண்டும். தணிக்கைக்காரர்கள் வந்து பார்த்தால் உலை ஓடுகிறதா என்று உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார்கள், சூடாக இருந்தால் போதும். ஆனால் மலை கண்ணில் படாமல் போகாது. மலை இல்லை என்றால் எதற்காகக் கட்டினீர்கள் என்பார்கள். நிதி முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். ஊரே திவால்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மூலப்பொருள் மீட்கப்படும். முதலில் நகராட்சி ஆட்கள் மண்வெட்டியோடு வெல்ச்சோவின் நிலத்துக்குப் போனார்கள். அவன் அதற்குள் உழுது விதைத்திருந்தான். காட்டுப்பன்றி சுடுகிற துப்பாக்கியை முழங்காலில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்துவிட்டார்கள். பிறகு மற்ற ஊர்களிடம் கேட்டு எழுதினார்கள். எங்கள் நாட்டில் ஒரு நகராட்சி கேட்டதை இன்னொரு நகராட்சி மறுநாளே கொடுக்கச் சம்மதித்தது அந்த ஒரு பொருளைத்தான். வண்டி வாடகைகூடத் தாங்களே தருவதாகச் சொன்னார்கள். எவ்வளவு வேண்டும், இன்னும் வேண்டுமா என்று போனில் கேட்டபடி இருந்தார்கள்.

நெத்யால்கோ இதைத் தெமெனுகாவிடம் சொல்லவில்லை. கூட்டத்தில் திட்டினார்கள், அவ்வளவுதான் என்று மழுப்பிவிட்டார். சொல்வதைச் செய்கிற வழக்கம் எங்கள் நகராட்சிக்குக் கிடையாது என்பதை அவர் ஆயுசு பூராவும் பார்த்திருக்கிறார். அதை நம்பித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார். அந்த ஒரு தடவை, சொன்ன வாரத்திலேயே செய்தார்கள்.

தெமெனுகா முற்றத்தில் துவைத்த துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் சத்தம் வந்தது. பிறகு வாடை வந்தது, புதுசு, வேற்றூர் வாடை, பழையதைவிட ஈரமானது. கேட்டுக்கு வெளியே லாரி நின்றது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் ரயில் பாதை வளைவு வரைக்கும் லாரிகள். முதல் லாரியின் டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"காவலாளி யாருங்க? கேட்டைத் திறங்க. மணி ஆவுது."

நெத்யால்கோ அசையவில்லை. திறக்கவில்லை என்றால் அவர் காவலாளி இல்லை. காவலாளி இல்லை என்றால் இது குடியிருப்பு. குடியிருப்பு என்றால் என்ன ஆகும் என்று மேயர் நேரில் வந்து, இனிப்புக் கொடுத்துச் சொல்லியிருந்தார்கள். அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

அவள் லாரிகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கத்தவில்லை. காயப்போட்ட துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியிலிருந்து எடுத்து, ஈரத்தோடேயே மடித்துக் கூடையில் வைத்தாள். கடைசித் துணியை மடிக்கும்போது இருமல் ஆரம்பித்தது. மூச்சு வரும்வரை கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

நெத்யால்கோ தலையைக் குனிந்துகொண்டார்.

"பர்காஸ் பஸ் எத்தனை மணிக்கு?"

"மூணேகாலுக்கு," என்றார் நெத்யால்கோ.

அவள் உள்ளே போனாள். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. டிரைவர் ஹாரனை அடித்தான். நெத்யால்கோ பூட்டைத் திறந்து, கேட்டின் இரண்டு பக்கத்தையும் தள்ளிவிட்டார். லாரி திரும்பிப் பின்பக்கமாக வர ஆரம்பித்தது. டிரைவருக்கு இடம் புதிது. கொஞ்சம் தவறினால் வீட்டுப் பின்சுவரில் இடித்துவிடுவான். அதனால் நெத்யால்கோ லாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, இரண்டு கையையும் தன்னை நோக்கி அசைத்தார்.

"வரலாம், வரலாம்," என்றார். "இன்னும் கொஞ்சம் வா. இடம் இருக்கு. வா."